தொங்கிக்கொண்டிருந்த இரண்டு வயர்கள்

இது நடந்தது. கொட்டாஞ்சேனையில் நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமத்தில், மழையும் மின்னலுமாக வரவேண்டும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு ரொனியின் கராஜுக்குப் போய், உள்ளே நின்றுகொண்டு அந்த இரும்புச் சட்டரை ஒருமுறை இழுத்து மூடிப் பார்க்கட்டும். ஒரு நிமிடம் போதும். நானும் மூடிப் பார்த்தேன். அரை நிமிடம்கூட நிற்கமுடியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ரொனி கதை அளக்கிற ஆள் அல்ல. வயது முப்பத்தெட்டு. வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிறவன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே அதிசயம். இந்தச் சம்பவத்தை அவன் என்னிடம் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் ஒரு நிமிடம் பிசகவில்லை.

முதலில் நெவிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நெவில், ரொனியின் தங்கை டில்ஷானியின் புருஷன். அவனும் வயரிங் பாஸ்தான்; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தமாகக் கராஜ் கிடையாது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூப்பிட்ட வீட்டுக்குப் போய் வேலை செய்வான். போன ஜனவரி, பௌர்ணமி விடுமுறையான போயா நாள் காலையில், “வெள்ளவத்தையில ஒரு வேலை” என்று சொல்லிவிட்டுப் போனான். யார் வீடு என்று சொல்லவில்லை. மாலை ஆறு பத்துக்கு, வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கடலோரக் கல் ஒன்றில் சாய்ந்தபடி கிடந்தான். செத்துக் கிடந்தான். சட்டை முழுக்க விஸ்கி வாடை. பையும் இல்லை, போனும் இல்லை.

குடித்துவிட்டு வெயிலில் கிடந்தான், இதயம் நின்றுவிட்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள். இரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்களாம். பதில் வரவே இல்லை.

நெவில் பதினொரு வருடமாகச் சாராயம் தொடாதவன். மாதா கோயிலில் நேர்த்தி வைத்துக் குடியை விட்டவன். டில்ஷானி பொலிசில் போய் நின்று கத்தினாள். “போயா நாள்ல சாராயத் தவறணை எல்லாம் பூட்டு. இவரு எங்க போயி குடிச்சாரு? அதுவும் விஸ்கி!” யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? பிறகு ரொனியிடம் வந்து அழுதாள். “பெட்டியில வைக்கும்போது முகம் செவசெவண்டு இருந்திச்சு அண்ணா. தூங்குற மாதிரி. செத்த மனுசன் அப்படி இருப்பானா?”

அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை, தாரிகா. வகுப்பில் அவளைக் குடிகாரனின் மகள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து ரொனிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நெவில் எப்படிச் செத்தான்? தெரிந்த ஒருவன் அதைத் தன் வாயால் சொல்லவேண்டும். இப்படியே ஏழு மாதம் போய்விட்டது.

ஓகஸ்ட் மாதப் போயா. செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு ஐம்பது.

ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. கராஜ் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. தரையோடு தாழ்த்திய உடம்பு, அகலச் சில்லு, ஊரையே எழுப்புகிற சைலன்சர். இறங்கிய பையனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். பெயர் கஜீவன். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் வரதராசாவின் ஒரே மகன்.

“பாஸ், ஒட்சிசன் சென்சர் வயர் நீட்டவேணும். பெரிய ஹெடர் போட்டனான். சென்சர் பின்னுக்குப் போட்டுது, வயர் எட்டுதில்ல. எமிஷன் டெஸ்ட்டும் பாஸாகுதில்ல.”

“நாளைக்கி வாங்க. இண்டைக்கி போயா.”

“இல்ல பாஸ், பின்னேரம் கார் வாங்க ஆள் வருது. வெள்ளிக்கிழமை நான் கனடா போறன். இனி வரமாட்டன்.”

ரொனி அலுத்துக்கொண்டே காரை ஜக்கில் ஏற்றினான். டோர்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் சறுக்கினான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து புகை வரும் குழாய்தான் ஹெடர். அந்த வழியில் திருகி வைத்திருக்கும் ஒரு சின்னச் சாமான்தான் ஒட்சிசன் சென்சர். புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் இருக்கிறது என்று முகர்ந்து பார்த்து எஞ்சினுக்குச் சேதி சொல்வது அதன் வேலை. அதற்கு நாலு வயர். இரண்டு அதைச் சூடாக்க. இரண்டு சேதி கொண்டுபோக.

அந்தக் காரில் சூடாக்கும் வயர் இரண்டும் நீட்டிப் பொருத்தியிருந்தன. சேதி கொண்டுபோகும் இரண்டும் அறுந்த நுனியோடு தொங்கின. யாரோ பாதி வேலையில் எழுந்து போனதுபோல.

ரொனி டோர்ச்சைக் கிட்டே கொண்டுபோனான்.

பொருத்திய இரண்டு வயரிலும் ஈயம் இல்லை. பித்தளைக் குழாய் போட்டுக் குறட்டால் அமுக்கி, மேலே கறுப்புறை சுருக்கி, உறை நழுவாமல் இரு நுனியிலும் நூல் சுற்றியிருந்தது. நீல நூல். நாலு முடிச்சு.

ரொனி முடிச்சுகளை விரலால் தடவி மறுபடி எண்ணினான்.

கொழும்பில் எத்தனையோ வயரிங் பாஸ்மார். வயரில் நூல் சுற்றுகிறவன் ஒருவன்தான். அந்த நீலத்தையும் ரொனிக்குத் தெரியும். கோயில் மாதா சுரூபத்துக்கு டில்ஷானி போர்வை தைத்தபோது வாங்கிய நூல் அது. அந்த நிறத்தில் கடையில் ஒரே ஒரு உருண்டைதான் இருந்தது. மிஞ்சியதை நெவில் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டான். “மாதாட நூல் மச்சான், கழண்டுபோகாது” என்பான்.

ரொனி எப்போதும் ஈயம் வைத்து ஒட்டுகிற ஆள். அதற்காக நெவிலிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் இல்லை. “அந்த சென்சர் வெளிக்காத்த இழுக்கிறதே வயருக்குள்ளால. ஈயம் வச்சா அதுட மூச்ச அடைக்கிற. மூச்சடைச்சிக் கொல்லாத மச்சான், பாவம்.” இருவரும் சிரிப்பார்கள்.

கார் அடியில் கிடந்த ரொனிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. மல்லாந்து கிடந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான்.

“நல்ல வேலை தம்பி. யாரு செஞ்சது?”

“தெமட்டகொடையில ஒரு பாஸ். அரைவாசியில விட்டிட்டு டுபாய்க்குப் போட்டார்.”

“பேரு?”

“ஞாபகம் இல்ல பாஸ். பிறகு மூண்டு இடத்தில குடுத்துப் பார்த்தன். மற்ற ரெண்டு வயருக்கும் ஈயம் வைப்பினம். வீட்ட போய்ச் சேர முந்தியே கழண்டு தொங்கும்.”

பொய் சொல்கிறவன் பேச்சை மாற்றும் வேகத்தை ரொனி கவனித்தான். எழுந்து உடுப்பைத் தட்டினான்.

ஒன்று நாற்பது. “ஸ்டார்ட் பண்ணு தம்பி. சத்தத்த கேட்டுப் பாப்பம்.”

கஜீவன் காரில் ஏறவில்லை. நேரே வாசலுக்குப் போய்ச் சட்டரைக் கிறீச்சென்று பாதிவரை இழுத்தான். “சத்தம் கூட பாஸ். ஆக்கள் கரைச்சல் குடுப்பினம். வீட்டிலயும் கீழ பார்க்கிங்ல பூட்டிப்போட்டுத்தான் நான் ஸ்டார்ட் பண்ணுறனான்.”

ரொனி சட்டரை ஒரு கையால் மேலே தள்ளினான். ஒழுங்காக எண்ணெய் விட்ட சட்டர். ஒரு கை போதும்.

“பூட்டாத. பூட்டிட்டு எஞ்சின ஓட விட்டா உள்ள இருக்கிறவன் செத்திருவான். முகம் செவந்து, தூங்குற மாதிரி செத்திருவான்.”

கஜீவனின் முகம் வெளுத்தது. உதட்டை நக்கினான்.

அந்த நிமிடத்தில் ரொனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? சாட்சி இரண்டு துண்டு நூல். பையன் வெள்ளிக்கிழமை பறந்துவிடுவான். வாயைத் திறந்து சொல்லவைக்க வேண்டும். இன்றைக்கே.

ரொனி சாவியை வாங்கித் தானே காருக்குள் ஏறினான். எஞ்சினைத் தொடாமல் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பினான். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு லாம்பு எரிந்தது. பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் லாம்பு.

பக்கத்து ஆசனத்தில் யாரும் இல்லை.

“இது என்ன?”

“அது... கன நாளா எரியுது பாஸ். ஒருத்தருக்கும் பிழை பிடிபடேல்ல.”

“எப்ப இருந்து?”

“...ஜனவரில இருந்து.”

ரொனி காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினான். திரையில் சென்சரின் கோட்டை எடுத்தான். சேதி வயர் இரண்டும் தொங்கும்போது அந்தக் கோடு நேராக, அசையாமல் கிடக்கவேண்டும். இது சின்ன விஷயம். எந்தப் பாஸைக் கேட்டாலும் சொல்வான்.

கோடு அசைந்தது.

மெல்ல ஏறியது. ஒரு கணம் நின்றது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. எஞ்சின் ஓடும்போது அது படபடவென்று துடிக்கும். இது அப்படி இல்லை. இது... வேறு மாதிரி.

ரொனி கைப்போனைப் பார்த்துக்கொண்டு எண்ணினான். நிமிடத்துக்குப் பதினாறு. அவனுக்குத் தன் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அதே வேகம்.

அது மூச்சு.

நேரம் இரண்டு இருபத்தைந்து.

“என்ன பாஸ்?” என்றான் கஜீவன்.

“ஒண்டுமில்ல. பெட்டரி வீக். சார்ஜ் போடணும்.”

பெட்டரி நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டால் பையன் எங்கே ஓடுவான்? அதுதான் ரொனியின் கணக்கு. பெட்டரியைக் கழற்றினான். சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். “பித்தளைக் குழாய் தேடணும், கொஞ்சம் இரு” என்று பெட்டி பெட்டியாகக் கிளறி நேரத்தைக் கடத்தினான். எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தங்கையைக் கூப்பிட்டு இவன் முன்னால் நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. மூன்று பதினெட்டுக்குப் பெட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

திரும்பிப் பார்த்தான்.

கஜீவன் காருக்குப் பின்னால் நின்று யாருக்கோ மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தான். காருக்குள்... ஸ்கேனர் திரை எரிந்துகொண்டிருந்தது.

ரொனியின் ஸ்கேனருக்குச் சொந்தமாகப் பெட்டரி கிடையாது. காரிலிருந்து கரண்ட் எடுத்தால்தான் எரியும். காரின் பெட்டரி ரொனியின் காலடியில் இருந்தது.

கோடு ஏறியது. இறங்கியது.

சிவப்பு லாம்பும் எரிந்தது.

மூன்று இருபது.

சட்டர் விழுந்தது. யாரும் இழுக்கவில்லை. காற்றும் இல்லை. ஒரே வீச்சில்... தடார்!

பிறகு உள்ளே எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

ரொனி குனிந்து பெட்டரியைப் பார்த்தான். இருக்கிறது. பையைத் தடவினான். சாவி இருக்கிறது.

“பாஸ்! பாஸ்!” சட்டரில் அடி விழுந்தது. “ஸ்டார்ட் ஆகிட்டுது! நான் தொடேல்ல! திறவுங்கோ!”

இந்த இடத்தில் ரொனி ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பான். பிறகு சொல்வான். பத்து நிமிடம் அவன் அந்தச் சட்டரில் கையே வைக்கவில்லை. முடியாமல் அல்ல. வைக்கவில்லை. உள்ளே இவன் திணறட்டும் என்று நின்றான். தங்கையின் ஏழு மாதக் கண்ணீரும், கட்டிலுக்கு அடியில் கிடந்த பிள்ளையும் அவன் கண்ணுக்குள் நின்றார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஜனவரி போயா. வயர் பொருத்த ஒரு மனுசன் வந்தான். அவன என்ன செஞ்ச?”

“எந்த... எந்த மனுசன்...” இருமல்.

“பேரு சொல்லு.”

“பேர் தெரியாது பாஸ்! சத்தியமா! கேக்கேல்ல... போனில வயர் பாஸ் எண்டுதான் போட்டு...”

ரொனிக்கு உச்சந்தலை கொதித்தது. பெயர்கூடக் கேட்கவில்லை! ஒரு மனுசனைச் சாகடித்தவன் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை!

“நெவில்! அவன்ட பேரு நெவில்! என்ட தங்கச்சிட புருஷன்! சொல்லுடா!”

உள்ளே ஒரு நொடி அடி நின்றது. பிறகு பையன் அழுதான். அழுகையோடு வந்தது எல்லாம்.

“தெரியாமல் நடந்தது... அவர் காருக்குக் கீழ வயர் பொருத்திக்கொண்டு... நான் சத்தம் பார்க்க ஸ்டார்ட் பண்ணினன்... மேல்வீட்டு ஆக்கள் ஏசுவினம் எண்டு கதவைப் பூட்டி... போன் வந்தது... மேல போனன். அம்மா சாப்பாடு போட்டா... மறந்திட்டன் பாஸ்... ஒரு மணித்தியாலம்...”

எதிர்வீட்டில் அச்சாறு விற்கும் சீனியம்மா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அறுபது வயது, நல்ல காது. சட்டரில் காதை வைத்தாள். நேரம் மூன்று இருபத்தொன்பது.

“ரொனி மகன், உள்ள யாரு?”

“ஒருத்தன்.”

“ஒருத்தனா?” சீனியம்மா காதை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “ரெண்டு பேரு இருமுறாங்களே...”

ரொனியும் காதை வைத்தான்.

பையனின் இருமல் சட்டருக்குப் பக்கத்தில் கேட்டது. மற்றது... கீழே. தரையோடு. காருக்கு அடியில் இருந்து. ஆழமான, வறண்ட இருமல். அந்த இருமலை அவன் எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறான்.

“பாஸ்... கீழ ஆரோ இருக்கினம்... பாஸ்!”

“மிச்சத்த சொல்லு. இறங்கி வந்து பாத்த. அப்ப மணி என்ன?”

“மூண்டு... இருபது...”

“செத்திருந்தானா?”

உள்ளே நகங்கள் சட்டரைப் பிறாண்டின.

“மூச்சு இருந்திச்சா?”

எஞ்சின் உறுமியது. யாரோ அக்சிலேட்டரை மிதித்ததுபோல.

“இருந்திச்சா!”

“...இருந்தது.”

சீனியம்மா நெஞ்சில் கை வைத்தாள். “அடப் பாவி!”

“பயம் பாஸ்... அப்பாக்குத் தெரிஞ்சா... பொலிஸ், கோர்ட்... தூக்கிப் பக்கத்து சீட்டில இருத்தினன். சரிஞ்சு விழாமல் பெல்ட் போட்டன். ஆஸ்பத்திரிக்குத்தான் எண்டு... போகேல்ல. பக்கத்தில இருந்தனான்... மூச்சு நிக்கும் மட்டும்... இருபத்திரண்டு நிமிஷம்... பிறகு அப்பாட விஸ்கிய ஊத்தி... கடற்கரையில...”

அவன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிட ஓட்டம்.

ரொனி சட்டரில் கையை வைத்தான். அவன் தேடியது கிடைத்துவிட்டது. இனி இவன் சாகக் கூடாது. இவன் உயிரோடு போய்ப் பொலிசுக்கும் சொன்னால்தான் பிள்ளையின் தகப்பனுக்கு ஒட்டிய பழி போகும். தூக்கினான்.

அசையவில்லை.

ஒரு கையால் ஏறும் சட்டர். இரண்டு கையாலும் தூக்கினான். சீனியம்மாவும் பிடித்தாள். கடப்பாரை கொடுத்து நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது.

உள்ளே அடி தளர்ந்தது.

“பாஸ்... அவர் வெளில வாறார்... கீழ இருந்து...”

மூன்று முப்பத்தெட்டு.

ரொனி சட்டரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். “நெவில்... விடு மச்சான். சொல்லிட்டான். இவன் செத்தா யாருடா பொலிசுக்குச் சொல்றது? பிள்ளைக்காக விடு மச்சான்...”

அடி நின்றது.

இருமல் ஒன்று நின்றது.

மற்றது நிற்கவில்லை.

மூன்று நாற்பது. காரின் கதவு திறந்தது. மூடியது.

பெல்ட் மாட்டும் சத்தம்.

க்ளிக்.

மூன்று நாற்பத்திரண்டு. எஞ்சின் நின்றது.

ரொனியின் கை சட்டரில் சும்மா இருந்தது. அது தானாக மேலே போனது.

புகை இல்லை. வாடைகூட இல்லை. ரொனி ஓடிப்போய்ப் பொனட்டில் கையை வைத்தான். குளிர்ந்து கிடந்தது. ஸ்கேனர் அணைந்திருந்தது. கஜீவன் பக்கத்து ஆசனத்தில், பெல்ட் போட்டு, தலையைச் சாய்த்தபடி இருந்தான். முகம் செக்கச் சிவந்து, தூங்குவதுபோல்.

மூச்சு இருந்தது. மெல்லிசாக.

டாஷ்போர்டில் சிவப்பு லாம்பு அணைந்திருந்தது.

அரை மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் ரொனியைக் கூப்பிட்டு, எவ்வளவு நேரம் எஞ்சின் ஓடியது என்று கேட்டார். பையனின் இரத்தத்தில் புகை நஞ்சு நிறைந்திருந்ததாம். பெட்டரி இல்லாத கார் என்று ரொனி சொன்னான். டொக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

புதன் முழுக்கப் பையன் கண் திறக்கவில்லை. வியாழக்கிழமை காலை திறந்தான். பொலிசைக் கூப்பிடச் சொல்லி, தகப்பன் வரதராசா முகத்தைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்க, ஒரு சொல் விடாமல் சொன்னான். அவன் வீட்டுப் பார்க்கிங்கின் சாமான் அறையில் நெவிலின் பை அப்படியே கிடைத்தது. டில்ஷானி அந்த வாக்குமூலத்தின் பிரதியைக் கையோடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பு வாசலில் நின்று, தாரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய அப்பா எப்படிச் செத்தார் என்று டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள். பிள்ளை அன்று வகுப்பில் இருந்து படித்தது.

கஜீவனுக்கு மூச்சு நன்றாக வருகிறது, ஆபத்துத் தாண்டிவிட்டது என்றுதான் டொக்டர்மார் சொன்னார்கள். கனடா விமானம் வெள்ளிக்கிழமை இரவு. வெள்ளிக்கிழமை பிற்பகல், மூக்கில் ஒட்சிசன் குழாய் இருக்க இருக்க, கஜீவன் மூச்சுத் திணறிச் செத்தான். ஒட்சிசன் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. தாதி எழுதிய நேரம் மூன்று நாற்பத்திரண்டு.

சொல்லிவிட்டான், விடு என்று ரொனி கெஞ்சினான் அல்லவா? நெவில் மூன்று நாள் விட்டான். அவ்வளவுதான்.

இதோடு முடிந்தது என்றுதான் ரொனியும் நினைத்தான்.

அடுத்த வாரம் பொலிஸ் வளவுக்குக் காரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அங்கே நின்ற அதிகாரி காரின் அடியைக் காட்டி, நாலு வயரையும் நீதானா பொருத்தினாய் என்று சிங்களத்தில் கேட்டார். நான் ஒன்றையும் பொருத்தவில்லை, இரண்டு தொங்குகின்றன என்றான் ரொனி. நீயே பார் என்றார் அவர்.

ரொனி குனிந்து பார்த்தான்.

நாலும் பொருத்தியிருந்தன. பழைய இரண்டில் நூல் அழுக்கேறி மங்கியிருந்தது. சேதி கொண்டுபோகும் மற்ற இரண்டில் பித்தளை பளபளத்தது. உறை சுருக்கி, இரு நுனியிலும் நூல் சுற்றி, நாலு முடிச்சு.

நீலம்.

கைப்போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் டில்ஷானியிடம் காட்டினான். நெவிலின் பை கிடைத்ததல்லவா, யாரோ அதிலிருந்த நூலை எடுத்து விளையாடியிருக்கிறார்கள் என்றான். தன்னைத்தானே தேற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னான்.

டில்ஷானி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பையில நூல் இருந்ததில்ல அண்ணா. அந்த வேலைக்கிப் போகும்போது ஒரு துண்டுதான் வெட்டிக்கிட்டுப் போனாரு. உருண்டை வீட்டிலதான் இருந்திச்சு.”

“இப்ப எங்க?”

“பெட்டி மூட முந்தி நாந்தான் அவரு கையில வச்சேன்.”

ரொனி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நூல் புத்தம் புதிதாக இருந்தது. முடிச்சுகளில் மட்டும் ஈர மண் ஒட்டியிருந்தது.